நாற்பத்திரண்டு வரிகளில் அம்மாவின் முழங்கால் எங்கே?

கேள்வி:

மதிப்புக்குரிய ஐயா, பத்து வருடங்களாக ஓட்டிய சிறிய காரைக் கொடுத்துவிட்டு எஸ்.யு.வி. வாங்கலாம் என்று முடிவு செய்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. இரண்டு வண்டிகளில் வந்து நிற்கிறேன். ஒன்று, லேடர் ஃபிரேம் மீது கட்டப்பட்ட ஏழு இருக்கை டீசல் வண்டி. ஃபோர் வீல் டிரைவும் லோ ரேஞ்சும் (மெதுவாக, அதிக இழுவையோடு ஊர்வதற்கான கியர்) உண்டு. இன்னொன்று, மோனோகாக் வகை ஐந்து இருக்கை பெட்ரோல் ஹைப்ரிட் (எஞ்சினோடு மின் மோட்டாரும் உண்டு), முன்சக்கர டிரைவ். விலை ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் நான், மனைவி, நான்கு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள என் அம்மா. அலுவலகம் எட்டு கிலோமீட்டர். வருடத்துக்கு இரண்டு முறை மலைப்பக்கம் போவோம். கடைசி மூன்று கிலோமீட்டர் மண் பாதை. இதுவரை பழைய காரிலேயே போய் வந்தோம். நாற்பத்திரண்டு அம்சங்களை எழுதி மதிப்பெண் போட்டுப் பார்த்ததில் டீசல் வண்டி இரண்டு புள்ளிகள் முன்னால் நிற்கிறது. அட்டவணையையும் இணைத்திருக்கிறேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. எதை வாங்கட்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அட்டவணையை இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். இருபத்தாறு வருடங்களாகப் பணிமனையில் வண்டிகளுக்கு அடியில் கிடக்கிறேன்; வாங்குவதற்கு முன்பே இவ்வளவு பொறுமையாக விவரம் சேர்த்தவர்களை அதிகம் பார்த்ததில்லை. முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டுக்கு ஹைப்ரிட் வண்டிதான் பொருந்தும். ஆனால் அதன் பின்னிருக்கையில் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. அதைச் செய்து பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் அட்டவணையிலேயே இருக்கிறது. கிரவுண்ட் கிளியரன்ஸுக்கு ஒரு வரி, ஏறுகோணத்துக்கு ஒரு வரி, இறங்குகோணத்துக்கு ஒரு வரி, நீரில் இறங்கும் ஆழத்துக்கு ஒரு வரி, ஃபோர் வீல் டிரைவுக்கு ஒன்று, லோ ரேஞ்சுக்கு ஒன்று. ஆறு வரிகள். ஆறிலும் டீசல் வண்டி ஜெயித்திருக்கிறது. ஆனால் இந்த ஆறும் ஒரே தேவையைத்தான் பேசுகின்றன: வருடத்தில் இரண்டு முறை வரும் மூன்று கிலோமீட்டர் மண் பாதை. ஒரே தேவைக்கு ஆறு முறை மதிப்பெண் கொடுத்துவிட்டீர்கள். தினமும் வண்டியில் ஏறி இறங்கப்போகும் உங்கள் தாயாரின் முழங்காலுக்கு ஒரு வரிகூட இல்லை. கடிதத்தில் எழுதியவர் அட்டவணையில் விட்டுவிட்டீர்கள். அதிலிருந்தே தொடங்குவோம்.

லேடர் ஃபிரேம் என்பது பெயருக்கேற்ப ஓர் இரும்பு ஏணி. இரண்டு நீளமான சட்டங்கள், குறுக்கே படிகள் போலச் சில சட்டங்கள். எஞ்சினும் அச்சுகளும் அந்த ஏணியில் பூட்டப்படுகின்றன. நாம் உட்காரும் கூடு, ரப்பர் தாங்கிகளை இடையில் வைத்து அதன் மேல் இறக்கப்படுகிறது. மோனோகாக்கில் ஏணி கிடையாது. கூடே எலும்பாகவும் இருக்கிறது. பளுவைத் தாங்கும் வேலையைத் தரைத்தகடும் தூண்களும் கூரையும் சேர்ந்து செய்கின்றன. எஸ்.யு.வி. என்றாலே ஏணிதான் என்றிருந்த காலத்தில், 1984 மாடல் ஜீப் செரோக்கி மோனோகாக் உடலோடு வந்தது. 1994இல் டொயோட்டா ராவ்4 கார் பாகங்களைக் கொண்டே எஸ்.யு.வி. கட்டலாம் என்று காட்டியது. இன்று சந்தையில் விற்கும் எஸ்.யு.வி.க்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவையே.

இதற்கும் முழங்காலுக்கும் என்ன தொடர்பு? ஏணிக்கு மேலேதான் தரை வர வேண்டும். ஆகவே தரை உயர்ந்துவிடுகிறது. கூரையை அதற்கேற்ப உயர்த்திக்கொண்டே போக முடியாது; அதனால் தரைக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள உயரத்தைக் குறைக்கிறார்கள். வயதானவர் முதலில் மிக உயரமான படியில் காலைத் தூக்கி வைக்க வேண்டும். ஏறி உட்கார்ந்த பிறகோ, தாழ்ந்த முக்காலியில் அமர்ந்ததுபோல முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். வலியுள்ள மூட்டுக்கு இரண்டுமே ஆகாது. பக்கவாட்டில் படிப்பலகை போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். ஏறும்போது அது உதவும். இறங்கும்போது கால் பலகையைத் தேடும். சில சமயம் கண்டுபிடிக்காது.

என் தாயார் அப்படி ஒரு வண்டியிலிருந்து இறங்குவதைப் பல வருடங்கள் பார்த்திருக்கிறேன். இருக்கை பெல்ட்டை ஒரு கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வெளியே முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு பாதத்தால் தரையைத் துழாவுவார். பாதம் தரையைத் தொட்டதும் ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சை எந்த விவரப் பட்டியலிலும் அச்சிட மாட்டார்கள்.

எனவே கையில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தாயார் நேராக நிற்கும்போது அவருடைய பிட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். வண்டியின் இருக்கை மேல்புறம் கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருந்தால், அவர் ஏறவும் வேண்டாம், குனியவும் வேண்டாம்; பக்கவாட்டில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிடலாம். கார்ப் பாகங்களில் கட்டிய எஸ்.யு.வி.க்கள் பலவற்றில் இந்த உயரம் பெரியவர்களுக்கு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. சாதாரணக் காரைவிட இவை முதியவர்களுக்கு வசதி என்று சொல்லப்படுவதன் காரணமும் இதுதான். கதவின் கீழ்விளிம்பு எவ்வளவு அகலம் என்பதையும் பாருங்கள். விளிம்பு அகலமாக இருந்தால் காலை வெளியே நீட்டி வைப்பது சிரமம். கால்சட்டையிலும் புடவையிலும் சேறு ஒட்டும்.

அடுத்து, நான் சொன்ன பின்னிருக்கைச் சோதனை. உங்கள் வீட்டில் ஐந்து பேர். ஐந்து இருக்கை வண்டியில் ஒன்றுகூட மிச்சமில்லை. நான்கு வயதுக் குழந்தைக்குச் சிறுவர் இருக்கை வேண்டும். ஒன்பது வயதுக்காரருக்கு, பெல்ட் சரியாகப் படியும்படி உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கை வேண்டும். நாட்டுக்கு நாடு விதி மாறினாலும், 135 முதல் 150 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பெரியவர்களுக்கான பெல்ட் பிள்ளையின் கழுத்தையும் வயிற்றையும்தான் அழுத்தும். சிறுவர் இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் இரண்டு ஓர இருக்கைகளில்தான் இருக்கும். இரண்டு ஓரத்திலும் பிள்ளைகளை வைத்தால் பெரியவர் ஒருவர் நடுவில் ஏறிப் போக வேண்டும். அது தாயாராக இருக்க முடியாது. ஆகவே இளைய பிள்ளை ஓர் ஓரம், மூத்த பிள்ளை பூஸ்டரில் நடுவே, மறு ஓரத்தில் உங்கள் மனைவி, தாயார் முன்னிருக்கையில் என்று உட்கார்ந்து பாருங்கள். முன்னிருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் காலை நீட்டிக்கொள்ள முடியும் என்பதால் மூட்டுவலிக்காரருக்கு அதுவே நல்ல இடம்.

உங்கள் வீட்டுச் சிறுவர் இருக்கைகளையே ஷோரூமுக்கு எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் பொருத்திய பிறகு நடுவிலுள்ள பெல்ட்டின் பூட்டுக்குள் மகளோ மகனோ தன் கையாலேயே பெல்ட்டைச் செருக முடிகிறதா? பூட்டு பூஸ்டருக்கு அடியில் புதைந்துபோகிறதா? மனைவியின் தோள் கதவில் இடிக்கிறதா? இதில் ஹைப்ரிட் வண்டி தோற்றால், நான் மேலே சொன்ன முடிவும் அதோடு போயிற்று. அப்போதும் டீசல் வண்டிதான் என்று ஓடிவிடாதீர்கள். இன்னும் அகலமான பின்னிருக்கை கொண்ட வேறொரு மோனோகாக் வண்டியைத் தேடுங்கள்.

ஏழு இருக்கை வண்டியில் இந்தப் பிரச்சினையே வராது என்று தோன்றும். ஆனால் மூன்றாம் வரிசைக்குப் போக இரண்டாம் வரிசையை மடக்க வேண்டும். சிறுவர் இருக்கை பூட்டியிருக்கும் பக்கத்தை, பெரும்பாலான வண்டிகளில், அதைக் கழற்றாமல் மடக்க முடியாது. மூன்றாம் வரிசையை விரித்தால் பின்னால் பெட்டி வைக்க இடமும் சுருங்கிவிடும். ஐந்து பேரின் மலைப்பயணச் சுமை கூரைக்குத்தான் போகும். கூரையில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் மூன்றாம் வரிசைவரை நீள்கிறதா என்று உங்கள் அட்டவணையில் கேட்கப்படவில்லை. பிள்ளையை அங்கே உட்கார வைப்பதாக இருந்தால் அதுதான் முதல் கேள்வி.

இப்போது எட்டு கிலோமீட்டர். டீசல் வண்டியைப் பற்றி எனக்குள்ள பெரிய கவலை இந்த எண்தான். புகைக்கரியைப் பிடிக்க இன்றைய டீசல் வண்டிகளில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை வண்டி தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு வடிகட்டி ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூடேறி, அந்தச் சூட்டில் சில நிமிடங்கள் விடாமல் ஓட வேண்டும். எட்டு கிலோமீட்டர் நெரிசலில் எஞ்சின் ஆயிலே சரியாகச் சூடாகியிருக்காது. பாதி எரியும்போது நீங்கள் வண்டியை நிறுத்திவிடுவீர்கள். மறுநாளும் அப்படியே. கரி எரிக்கத் தெளித்த டீசலில் ஒரு பகுதி, பல வண்டிகளில், சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். முகர்ந்தால் டீசல் வாடை. குச்சியை வாடிக்கையாளரிடமே நீட்டி முகரச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தினமும் குறுகிய தூரம் ஓட்டுகிறவர்கள். நல்ல எஞ்சினை அதற்கு ஒவ்வாத வேலையில் பூட்டினால் இப்படித்தான் ஆகும்.

ஹைப்ரிட் இந்த இடத்தில்தான் தன் திறமையைக் காட்டும். நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். பிரேக் பிடிக்கும்போது வீணாக வேண்டிய ஆற்றலை மோட்டார் வாங்கி பேட்டரியில் சேர்க்கும். நகரத்துக்குள் நின்று நின்று போகிறவருக்கு மிச்சம் கண்கூடாகத் தெரியும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் அந்த லாபம் வெகுவாகக் குறையும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுகிறது, அதை எந்த பேட்டரியாலும் திருப்பி வாங்க முடியாது. நீங்கள் தினம் நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவராக இருந்தால் டீசலையே சொல்லியிருப்பேன்.

மலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் ஹைப்ரிட் விற்பவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இவ்வகை ஹைப்ரிட்டின் பேட்டரி சிறியது. பல வண்டிகளில் ஒன்று முதல் ஒன்றரை கிலோவாட் மணிதான். ஆள்களும் பெட்டிகளுமாக இரண்டு டன் எடை 200 மீட்டர் உயரம் இறங்கினாலே ஏறக்குறைய 1.1 கிலோவாட் மணி ஆற்றல் வெளிப்படும். கொஞ்ச தூரம் இறங்கியதுமே பேட்டரி நிரம்பிவிடும் என்று இதற்குப் பொருள். அதன் பிறகு வண்டியைப் பிடித்து நிறுத்த மோட்டார் உதவாது. பல ஹைப்ரிட் வண்டிகளில் கியர் தேர்வில் "B" என்று ஒரு நிலை இருக்கும் (நிறுத்தி வைப்பதற்கான "P" அல்ல). நீண்ட இறக்கத்தில் எஞ்சினின் இழுப்பைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்த அது உதவும். அதைப் பயன்படுத்தாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் சூடேறித் தளர்ந்துவிடும். வாங்கும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துளை சில வண்டிகளில் பின்னிருக்கைக்குக் கீழே இருக்கும். பிள்ளைகளின் பையும் துண்டும் அதை அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வடிகட்டி வலை இருந்தால் தூசி தட்டச் சொல்லுங்கள்.

மண் பாதைக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. பத்து வருடங்களாகச் சிறிய காரிலேயே போய் வந்திருக்கிறீர்கள். சேற்றில் புதைந்ததாகவோ அடிபட்டதாகவோ ஒரு வார்த்தையும் எழுதவில்லை. புதிய ஹைப்ரிட் வண்டி அந்தக் காரைவிட உயரமாகத்தான் இருக்கும். லோ ரேஞ்ச் என்பது பாறையேறவும் ஆழமான சேற்றில் ஊர்ந்து செல்லவும் செய்தது. அந்த வேலை இல்லாத வீட்டில் அதன் எடையைத் தினமும் சுமந்துகொண்டு போவீர்கள், அவ்வளவுதான். பகுதி நேர ஃபோர் வீல் டிரைவாக இருந்தால் காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போடவும் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும், அதற்கு இடமில்லாமல் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: நான்கு சக்கரமும் இழுத்தால் ஈரத்தில் கிளம்புவது சுலபமாகும், நிற்பது சுலபமாகாது. நிறுத்துவது டயரும் பிரேக்கும்தான்.

பாதுகாப்பில் இரண்டு வண்டிக்கும் ஐந்து நட்சத்திரம் என்று சமமாகப் போட்டிருக்கிறீர்கள். எந்த வருடத்து மோதல் சோதனை என்று பாருங்கள். சோதனை முறைகள் சில வருடங்களுக்கு ஒருமுறை கடுமையாகிக்கொண்டே போகின்றன, பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. சோதித்த மாடலில் இருந்த ஏர்பேக்குகள் நீங்கள் வாங்கும் மாடலிலும் இருக்கின்றனவா என்பதையும் சரிபாருங்கள்.

உருண்டு கவிழும் அபாயத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை தரும் அளவுகளின்படி கார்களுக்கு இந்த எண் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை, உயரமான எஸ்.யு.வி.க்களுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் குறையக் குறைய கவிழ்வது எளிது. அதனால் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிடி கன்ட்ரோல் (வண்டி சறுக்கும்போது தானாகவே சக்கரங்களில் பிரேக் பிடித்து நேர்ப்படுத்தும் வசதி) இல்லாத எஸ்.யு.வி.யை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். இதில் என்னிடம் விட்டுக்கொடுப்பு கிடையாது. அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து கார், எஸ்.யு.வி. எல்லாவற்றுக்கும் அதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

வண்டிக்கு வெளியே இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். ஐ.ஐ.எச்.எஸ். என்ற அமெரிக்கக் காப்பீட்டுத் துறை ஆய்வு அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வில், முன்விளிம்பு ஒரு மீட்டருக்குச் சற்று மேல் உயரமுள்ள வண்டி மோதினால், 76 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் தாழ்ந்து சரிவாக அமைந்த முன்புறத்தைவிட, நடந்து செல்பவர் உயிரிழக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். உங்கள் நான்கு வயதுப் பிள்ளையின் உயரமும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அணைத்து நிறுத்திய வண்டியில் ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் அமர்ந்துகொள்ளுங்கள். பிள்ளையை மனைவி கையைப் பிடித்து முன்னால் நிறுத்தி, மெதுவாகப் பின்னோக்கி அழைத்துச் செல்லட்டும். தலை உங்கள் கண்ணில் படும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, பம்பரிலிருந்து அந்தத் தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டு வண்டியிலும் செய்யுங்கள்.

டயர் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைப்ரிட்டில் மேல் மாடலுக்கு 235/50 ஆர்20 சக்கரம், கீழ் மாடலுக்கு 235/60 ஆர்18 என்று குறித்து, பெரிய சக்கரத்துக்கு அதிகப் புள்ளி கொடுத்திருக்கிறீர்கள். டயரின் மொத்த உயரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 18 அங்குல ரிம்மில் ரப்பர் பக்கச்சுவர் 141 மில்லிமீட்டர். 20 அங்குலத்தில் 117.5. பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியை முதலில் வாங்குவது அந்தச் சுவர்தான். குறைந்துபோன 23.5 மில்லிமீட்டரை உங்கள் முதுகும் ரிம்மும் பங்கிட்டுக்கொள்ளும். மண் பாதையும் மூட்டுவலியும் உள்ள வீட்டுக்கு 18 அங்குலமே போதும், அதுவே நல்லது.

டீசல் வண்டி யாருக்கு? கனமான டிரெய்லரை இழுப்பவருக்கு, சாலையே இல்லாத இடத்தில் தினமும் வேலை பார்ப்பவருக்கு, எப்போதும் ஆறேழு பேரோடு நெடுந்தூரம் போகிறவருக்கு. அவர்களுக்கு அந்த ஏணி இருபது வருடம் உழைக்கும். உங்கள் ஒரு வருடத்துப் பயணங்களில் அப்படிப்பட்ட நாள் ஒன்றுகூட எனக்குத் தென்படவில்லை.

சோதனை ஓட்டத்துக்கு விற்பனையாளர் காட்டும் வழவழப்பான வழியில் போகாதீர்கள். தினமும் அலுவலகம் போகும் அதே எட்டு கிலோமீட்டரில் ஓட்டிப் பாருங்கள். வீட்டு வாசலில் நிறுத்தி, சுவருக்கும் வண்டிக்கும் இடையில் கதவு எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். தாயார் காலை வெளியே வைக்கக் கதவு நன்றாக விரிய வேண்டும். ஒருமுறை இருட்டிய பிறகும் ஓட்டுங்கள், முகப்பு விளக்கின் ஒளியைப் பகலில் எடைபோட முடியாது. பின்னிருக்கையிலும் ஒருமுறை உட்கார்ந்து வாருங்கள். பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே திடமான அச்சில் பூட்டிய வண்டியில் ஒரு பக்கச் சக்கரம் ஏறினால் மறுபக்கமும் சேர்ந்து ஆடும். பிள்ளைகளுக்குக் குமட்டலை அந்த ஆட்டம் கூட்டலாம்.

தாயாரை அழைத்துச் செல்லும் நாளில் அவர் வழக்கமாக அணியும் செருப்போடும் உடையோடும் வரட்டும். ஒருமுறை ஏறி இறங்கினால் மகனுக்காக "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லுவார். ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள், அவசரப்படுத்தாமல். ஐந்தாவது முறை அவர் கை எதைப் பிடிக்கிறது என்று மட்டும் பாருங்கள். எதையும் பிடிக்காமல் இறங்கினால் அந்த வண்டிக்கு முன்பணம் கட்டுங்கள்.